நூற்று நாற்பத்து நான்கு சிரிப்புகள்

என் படங்களில் கூட்டம் வந்தால் அது ஏன் எப்போதும் முதுகைக் காட்டிக்கொண்டே நிற்கிறது என்று உங்களில் ஒருவர் போன வாரம் கேட்டார். கேட்ட விதத்திலேயே அவர் கையில் ஒரு பதிலும் தயாராக இருந்தது தெரிந்தது. பத்திரிகைக்காரர்கள் எழுதிய பதில்தான். மக்கள் வருங்காலத்தை நோக்கி நிற்கிறார்களாம், அதனால் நமக்கு முதுகு தெரிகிறதாம். அதைப் படித்த அன்று நானும் பெருமையாகத்தான் திரிந்தேன். ஆனால் உண்மைக் காரணம் வேறு. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தம்பிமார்களே, அடக்கமாகப் பேசுவது எனக்கு வராது. சர்க்காருக்கு எரிச்சல் மூட்டும் படம் எடுப்பதில் இந்தப் பக்கத்தில் என்னை மிஞ்சியவன் கிடையாது. என் படங்கள் பலவற்றுக்குத் தடை வந்தது. சில படங்கள் அதற்கு முழுத் தகுதி உள்ளவை. மற்றவை வெறுமனே மோசமான படங்கள். தடை வந்து என் மானத்தைக் காப்பாற்றியது. அந்த வித்தையெல்லாம் என்னிடம் கேளுங்கள், சொல்லித் தருகிறேன். இன்று சொல்லப்போவது அந்த வித்தை என்னைக் கைவிட்ட கதை.

பேசும் படம் வருவதற்கு வெகு முன்னால், வெள்ளைக்காரன் ஆட்சியில், சுதேசி வேகம் ஊரெல்லாம் பற்றியிருந்த காலம். ஆழ்வார்திருநகரியில் எங்கள் வீட்டார் என்னைத் தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாக்கப் பார்த்தார்கள். நானோ பம்பாயிலிருந்து வந்த ஒரு பார்சிக்காரரின் பயாஸ்கோப் கூட்டத்தில் சேர்ந்து ஊர் ஊராகச் சுற்றினேன். அவர் பேசும் தமிழ் எனக்குப் புரியாது, நான் பேசும் இந்துஸ்தானி அவருக்குப் புரியாது. ஆனாலும் இரண்டு விஷயங்களை அடித்தே புரியவைத்தார். ஒரு முறை, அழுக்கு நன்றாகப் போகட்டும் என்று படச்சுருளை வெந்நீரில் அலசினேன். படம் முழுவதும் பால் ஆடை மாதிரி வழுக்கிக்கொண்டு போய்விட்டது. கையில் வெறும் கண்ணாடிப் பட்டைதான் மிச்சம். முதுகில் ஒன்று விழுந்தது. இன்னொரு முறை, காட்சி நடக்கும்போது திரையைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு கைப்பிடியைச் சுற்றாமல் நின்றுவிட்டேன். விளக்குச் சூட்டில் சுருள் குப்பென்று பிடித்துக்கொண்டது. அந்த அடி இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவர் ஊர் திரும்பும்போது தம் பழைய பெட்டியை எனக்கே விட்டுப் போனார். அந்த ஒரே பெட்டி படம் பிடிக்கும், பிரதி எடுக்கும், திரையில் காட்டவும் செய்யும். அதை வைத்துக்கொண்டு நானும் என் கூட்டாளி இசக்கியும் தனியாகத் தொழில் தொடங்கினோம். படம் பிடிப்பதும் பேசுவதும் நான். கைப்பிடி சுற்றுவது இசக்கி.

தூத்துக்குடித் துறைமுகத்தில் சீமைத்துணி மூட்டைகள் இறங்குவதை ஒரு சுருளில் பிடித்திருந்தோம். படகு வரும், ஆட்கள் மூட்டையைத் தோளில் சுமந்து கரையில் போடுவார்கள். அவ்வளவுதான் படம். முடிந்ததும் விளக்கை மூடிவிட்டு, கைப்பிடியைப் பின்னோக்கிச் சுற்றிச் சுருளை மடக்கிக்கொள்வது எங்கள் வழக்கம். சாத்தான்குளத்தில் ஒரு நாள் இசக்கி விளக்கை மூட மறந்துவிட்டான். திரையில் கரையில் கிடந்த மூட்டைகள் தாமாக எழுந்து தோளில் ஏறின. ஆட்கள் பின்னாலேயே நடந்து அவற்றைப் படகில் கொண்டுபோய் வைத்தார்கள். படகு வந்த வழியே கடலுக்குத் திரும்பிப் போனது. கொட்டகையில் பனையேறிகளும் கருப்பட்டி வியாபாரிகளும் எழுந்து நின்று போட்ட கூச்சலில் என் பேச்சு எனக்கே கேட்கவில்லை.

"அண்ணே, மறந்து தொலைச்சிட்டேன். இனி மறக்க மாட்டேன்" என்றான் இசக்கி.

"ஏலே, இனிமே தெனமும் மறக்கணும்லே" என்றேன்.

அன்றிலிருந்து என் தொழில் வேறாகிவிட்டது. செய்தி போலீசுக்குப் போயிற்று. இன்ஸ்பெக்டர் ஒருவர், நம் ஊர்க்காரர்தான், நறுக்கென்று பேசுபவர், நேரில் வந்து சுருளைப் போட்டுக் காட்டச் சொன்னார். நேராக ஓட்டிக் காட்டினோம். துறைமுகம், படகு, மூட்டை. இதில் குற்றம் எங்கே இருக்கிறது? சுருளைத்தான் பறிமுதல் செய்யலாம், இசக்கியின் கை எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதைப் பறிமுதல் செய்ய முடியுமா? அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். எனக்கோ தலை கொட்டகைக் கூரையில் முட்டியது.

இந்தத் திமிரோடுதான் திருநெல்வேலி டவுணுக்கு வந்தேன். ஊருக்கு வெளியே ஒரு நெல் களத்துக் கிட்டங்கி, மூட்டை அடுக்கும் இடம், எங்களுக்குத் தங்க இடமாகக் கிடைத்தது. அந்த வாரம் தெற்கு ரதவீதியில் அந்நியத் துணியைக் குவித்துக் கொளுத்தப் போவதாகப் பேச்சு. பட்டப்பகலில், ஒரு வில்வண்டியின் மேல் பெட்டியை நிறுத்திப் படம் பிடித்தேன். மொத்தம் ஒரு நிமிஷம்கூட ஓடாது. வேட்டிகளும் மேல்துண்டுகளும் நெருப்பில் விழுகின்றன. நடுவில் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருகிறார், போட்டிருந்த கறுப்புக் கோட்டைக் கழற்றுகிறார், உள்ளே எறிகிறார், பிறகு நேராகப் பெட்டியைப் பார்த்துச் சிரிக்கிறார்.

அவர் ஞானமுத்து வாத்தியார். பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுப்பவர், என் சிநேகிதர். எங்கள் காட்சி நோட்டீசுகளை எழுதித் தருவது அவர்தான். அந்தக் கோட்டு, வேலையில் சேர்ந்த அன்று தலைமை ஆசிரியரான வெள்ளைக்காரப் பாதிரியார் தம் கையால் போட்டுவிட்டது. வண்டிமேல் நின்றது நான் என்பதால்தான் அவர் சிரித்தார். அந்த மாதிரி ஒரு சிரிப்பு அதற்குப் பிறகு என் பெட்டி எதிலும் விழவில்லை. பெரிய பெரிய நடிகர்களிடம் கெஞ்சிப் பார்த்தும் கிடைக்கவில்லை.

சுருளைக் கழுவி, பிரதி எடுத்து, முதல் வேலையாக என் சொந்த ஊருக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். குமாஸ்தா ஆகாதவன் என்ன ஆனான் என்று ஆழ்வார்திருநகரி பார்க்க வேண்டாமா? பார்த்தது. கூட்டத்தில் ஒரு போலீஸ் ஏட்டும் இருந்து பார்த்தார். அது எனக்குத் தெரியாது.

டவுணுக்குத் திரும்பிய மறுநாள் காலையில் ஒரு கான்ஸ்டபிள் வந்தார். நாலு மணிக்கு அதே இன்ஸ்பெக்டர் வருகிறார், துணி கொளுத்திய சுருளைப் பார்க்க வேண்டும், சுருள் இல்லையென்றால் பெட்டி ஸ்டேஷனுக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அலட்டிக்கொள்ளவில்லை. உச்சி வெயிலில் ஞானமுத்து வாத்தியார் பாளையங்கோட்டையிலிருந்து ஆற்றுப் பாலத்தைக் கடந்து, வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றார்.

"அண்ணாச்சி, எங்க பாதிரியாரையும் கூட்டிட்டு வாராங்களாம். படத்துல இருக்க ஆளுகளை அடையாளம் காட்டணுமாம். அவுகளே எங்கிட்ட வந்து, 'நாலு மணிக்கு வெளிய போறேன், ஏழாம் வகுப்பையும் சேத்துப் பாத்துக்கோ'ன்னு சொல்லிட்டுப் போறாக."

"பயப்படாதேயும் வே. தலைகீழா ஓட்டிக் காட்டுதேன். நெருப்பு துணியைத் திருப்பிக் குடுக்கும், நீரு கோட்டை எடுத்து மாட்டிக்கிட்டுப் பின்னாலேயே போயிருவீரு. இதைவிட ராஜவிசுவாசமான படம் உண்டா?"

அவர் சிரிக்கவில்லை.

"நேரா ஓட்டினாலும் தலைகீழா ஓட்டினாலும் மூஞ்சி என் மூஞ்சிதான அண்ணாச்சி?"

தம்பிமார்களே, அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. அதுவரை அந்தச் சுருளில் இருந்தது ஒரு காட்சி, என் காட்சி. அதில் ஒரு மனிதர் இருக்கிறார், அவருக்கு வேலை இருக்கிறது, அந்த வேலையை நம்பி நிறைமாத மனைவியும் கல்யாணமாகாத இரண்டு தங்கைகளும் இருக்கிறார்கள், இந்தச் சிரிப்புக்கு அவர் ஜெயிலுக்குப் போவார் என்பதெல்லாம் படம் பிடித்தவன் மூளைக்குள் ஏறவே இல்லை.

"அதுல நான் எத்தன படத்துல இருக்கேன்?" என்று கேட்டார். கணக்கு வாத்தியார் அல்லவா?

"ஒரு நொடிக்குப் பதினாறு படம். நீரு ஒம்பது நொடி வாரீரு."

"நூத்தி நாப்பத்துநாலு" என்றார் உடனே. "நூத்தி நாப்பத்துநாலு ஞானமுத்து நின்னு சிரிக்கான். அத்தனை பேரும் போவணும் அண்ணாச்சி."

கொளுத்தினால் நாற்றமும் புகையும் ஊரைக் கூட்டும். நாலு மணிக்குக் கையில் ஒரு சுருள் இருந்தாக வேண்டும், அதில் ஒன்றும் இருக்கக் கூடாது. களத்தில் வேலை பார்க்கும் பேச்சியம்மாள் அப்போதுதான் நெல் அவித்து முடித்திருந்தாள், அண்டாவில் கொதிநீர் மிச்சம் கிடந்தது. பார்சிக்காரரிடம் வாங்கிய முதல் அடி முதுகில் திரும்ப உறைத்தது.

"பேச்சி, அந்தத் தண்ணியைக் கொட்டிராத" என்றேன்.

சுருளை அவிழ்த்து அண்டாவில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் கறுப்புத் தோல் உரிந்து நீரில் மிதந்தது. வாத்தியார் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். ரதவீதி, நெருப்பு, கோட்டு, சிரிப்பு எல்லாம் உமி ஒட்டிய நீரில் கலங்கிப் போயின. பேச்சியம்மாள் துடுப்பால் கிண்டிவிட்டு, "இந்த அண்டாவுல இனி எப்பிடிய்யா நெல்லு அவிக்க? வெளக்க ஒரு கூடைப் புளி வேணும்" என்று சலித்துக்கொண்டாள்.

வெறும் பட்டையை வெளியே எடுத்து வெயிலில் பிடித்துக் காட்டினேன். வாத்தியார் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்க பெத்த பிள்ளையை எனக்காவ கொன்னுட்டிய. அவ்வளவும் போயிட்டா அண்ணாச்சி?"

"அவ்வளவும் போயிட்டு" என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாதிரியார் கிளம்புவதற்குள் பள்ளிக்கூடம் போய்ச் சேர ஓடினார்.

நான் சொன்னது பொய். பெட்டியில் முதலில் விழும் படத்தில் வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் இருக்கும். அதிலிருந்துதான் பிரதி எடுப்போம். அந்த மூலச் சுருளை நானும் இசக்கியும் 'தாய்' என்போம், பிரதியைப் 'பிள்ளை' என்போம். அண்டாவில் போனது பிள்ளை மட்டும். தாய், சுருட்டி வைத்த திரைத்துணிக்குள் ஒரு தகர டப்பாவில் பத்திரமாக இருந்தது. வாத்தியாருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

இசக்கிக்குத் தெரியும். "தாய் இருக்குல்லா அண்ணே?" என்றான்.

"இருக்கட்டும்லே. அது எங்கன இருக்குன்னு எவனுக்குத் தெரியும்?"

வெறும் ஆசையால் வைத்துக்கொண்டேன் என்று நினைக்காதீர்கள். என்னிடம் நல்ல நியாயம் இருந்தது. என்றாவது வெள்ளைக்காரன் போவான். அன்றைக்கு நம் பிள்ளைகள் அந்த நாளைப் பார்க்க வேண்டும். அந்த ரதவீதியின் நெருப்பு உலகத்தில் வேறு யாரிடமும் இல்லை. எல்லாம் சரியான வாதம்தான். இப்போது கேட்டாலும் அதில் ஓட்டை கண்டுபிடிக்க என்னால் முடியாது. ஆனால் அந்த வாதத்துக்கான விலையைக் கொடுக்க வேண்டியவர் வேறொருவர். அவரை நான் கேட்கவில்லை.

நாலு மணி என்றவர் மூன்று மணிக்கே வந்தார். இன்ஸ்பெக்டர், இரண்டு கான்ஸ்டபிள்கள், வெள்ளை அங்கியில் உயரமாகப் பாதிரியார். கிட்டங்கிக் கதவுகளைச் சாத்தி இருட்டாக்கி, திரையை இறக்கும்போதே டப்பாவை எடுத்துக் காலுக்கடியில் தள்ளிவிட்டேன். கழுவிய சுருளை இசக்கி ஓட்டினான். சுருள் முடியும்வரை வெறும் வெள்ளை வெளிச்சம்.

"இது என்னவே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"வெயில்ல வெளுத்துப்போச்சு அய்யா. நம்ம ஊரு வெயிலைப் பத்தி உங்களுக்குத் தெரியாததா?"

"உம்ம பத்தியும் தெரியும்வே." கான்ஸ்டபிள்களைப் பார்த்துத் தலையசைத்தார்.

அவர்கள் இடத்தைக் கலைத்துப்போட்டதில் டப்பா உருண்டு அவர் பூட்சுக்கருகே போய் நின்றது. திறந்தார். சுருளின் நுனியைக் கதவிடுக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஆளுக தெரியுதாங்களே. மூஞ்சிதான் கரியாட்டம் இருக்கு. பரவாயில்ல, ஓட்டும். பாதிரியார் அய்யா பாக்கட்டும்."

இசக்கி என்னைப் பார்த்தான். ஓட்டச் சொல்வதைத் தவிர வேறு வழி இல்லை. திரையில் இரவும் பகலும் இடம் மாறிய ரதவீதி வந்தது. கறுப்பு முகங்கள், வெள்ளைத் தலைமுடி, நெருப்பு மட்டும் கன்னங்கரேலென்று எரிந்தது. எல்லாம் புரண்டு கிடந்தாலும் நடையும் உடம்பும் அவரவருடையதுதான். பாதிரியார் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். பத்து வருஷமாகத் தினமும் பார்க்கிற ஆளின் சிரிப்பை, பல் கறுப்பாக இருந்தால் மட்டும், அவர் தெரிந்துகொள்ளாமல் போவாரா?

அந்தச் சுருள் எனக்கு மனப்பாடம். நொடிக்கு இரண்டு சுற்று. அறுபத்திரண்டாம் சுற்றில் வாத்தியார் கூட்டத்தை விட்டு வெளியே வருவார். நான் இசக்கியின் கையை எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பது. நாற்பத்தைந்து. எதிரே இருந்தது என் பெட்டி. உலகத்தில் எனக்கென்று இருந்த ஒரே சொத்து. அதில்தான் படம் பிடித்தேன், அதை வைத்துத்தான் சோறு தின்றேன். ஐம்பது.

"இசக்கி, பாதிரியார் அய்யா நல்லா பாக்கட்டும். பைய சுத்துலே" என்றேன்.

அவனுக்குப் புரிந்தது. கை தளர்ந்தது. ஐம்பத்தைந்து. கூட்டத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோட்டின் கை மட்டும் தெரிந்தது. இசக்கியின் கை நின்றது.

திரையின் நடுவில் ஒரு பழுப்புப் பொட்டு விழுந்தது, விரிந்தது. அடுத்த நொடி பெட்டி குப்பென்று பிடித்துக்கொண்டது. அந்த நெருப்பைத் தண்ணீரும் அணைக்காது, மண்ணும் அணைக்காது. தின்று முடித்துத்தான் ஓயும். கிட்டங்கி நெல்லுக்குப் பரவாமல் இருக்க இசக்கி எரிகிற பெட்டியைக் கையாலேயே இழுத்துக் களத்தில் தள்ளினான். அவனுடைய வலது கையில் இரண்டு விரல்கள் அதன் பிறகு மடங்கவில்லை. நான் களத்தில் நின்று, வெட்கமில்லாமல், வாய்விட்டு அழுதேன். அந்த அழுகை மட்டும் நடிப்பு இல்லை. அதனால்தானோ என்னவோ, இன்ஸ்பெக்டர் வேறு கேள்வி கேட்கவில்லை. "இனி என்னத்தவே சுத்துவீரு?" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாதிரியாரை வண்டியேற்றினார்.

மத்தியானமே தாயையும் அண்டாவில் போட்டிருந்தால் ஒரு சுருளோடு போயிருக்கும். மூன்று மணி நேரம் நான் வைத்துக்கொண்ட நியாயத்துக்கு என் பெட்டியும் இசக்கியின் விரல்களும் போயின. வாத்தியார் தப்பியதுகூட ஐந்தாறு சுற்று இடைவெளியில்தான். இதை என் சாமர்த்தியம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சாமர்த்தியம்தான், ஆனால் நானே வெட்டிய குழியிலிருந்து ஏறி வந்த சாமர்த்தியம்.

பள்ளிக்கூடம் விட்டதும் வாத்தியார் ஓடி வந்தார். நெருப்புப் பிடித்தது என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தார். கரியாகக் கிடந்த பெட்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்து, "என்னால உங்க தொழிலே போச்சே அண்ணாச்சி" என்று அழுதார். என்னைத் தேற்றினார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், சாகிறவரை என்னைத் தெய்வமாகக் கும்பிட்டிருப்பார். சொல்லிவிட்டேன். தாய் என்று ஒன்று உண்டு, அதை ஒளித்து வைத்தேன், உம்மிடம் பொய் சொன்னேன், அது திரையில் ஓடியது, எல்லாம்.

அவர் எழுந்தார். வேட்டியில் ஒட்டிய கரியைத் தட்டிக்கொண்டார்.

"அப்போ இருநூத்தி எம்பத்தெட்டுல்லா அண்ணாச்சி" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. பையன் தப்பாகப் போட்ட கணக்கைத் திருத்துகிற மாதிரிதான் சொன்னார். நோட்டீசு எழுதித் தருவதை நிறுத்திவிட்டார். தெருவில் கண்டால் நலம் விசாரிப்பார், அவ்வளவுதான்.

அடுத்த பெட்டி என் கைக்கு வரப் பல வருஷம் ஆயிற்று. அதைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் டவுணுக்குத்தான் வந்தேன். ரதவீதியில் ஒரு பெரிய கூட்டம், பேச்சாளர் யாரையோ எதிர்பார்த்து நின்றது. பெட்டியை நிறுத்திக் கைப்பிடியில் கை வைத்தபோது, முன்வரிசையில் ஞானமுத்து வாத்தியார் நின்றார், தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்துவிட்டார். போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. பக்கத்தில் நின்றவர்களிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார். ஒவ்வொருவராக, முதுகு எனக்குத் தெரியும்படி எல்லாரும் திரும்பி நின்றார்கள். கடைசியாக அவரும் திரும்பி நின்றுகொண்டு, தோளுக்கு மேல் கையை உயர்த்தி, 'சுத்துங்க' என்று எனக்குச் சைகை காட்டினார்.

சுற்றினேன். அந்தச் சுருளின் தாயும் பிள்ளையும் இரண்டுமே இன்னும் என்னிடம் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.